முட்டிக்கும் 60 நாள், பாலிசிக்கும் 60 நாள்

அம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் 2024 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை, 30-ஆம் தேதி, வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வெள்ளியிலிருந்து எண்ணினால் 60-ஆவது நாள் அக்டோபர் 29. தீபாவளிக்கு 2 நாள் முன்பு. வீட்டில் செய்கிற பிசியோதெரபிச் செலவை எங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசி அதுவரைக்கும்தான் தரும்; புது முட்டியை மடக்கிப் பழக்குகிற காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட எனக்குத் தோன்றியது செப்டம்பர் 10-ஆம் தேதிதான். அதற்குள் 10 நாள் போய்விட்டது. அந்த 10 நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இன்னொரு வீட்டில் அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு கோவை துடியலூரில். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே. நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 67 வயசு. அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் 40 வருஷம் மாடு வைத்திருந்தவர். காலையும் சாயங்காலமும் குத்துக்காலிட்டுப் பால் கறந்த முட்டி அது. அப்பா போன பிறகு மாடுகளைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். கடைசி 2 வருஷம் பாத்ரூமுக்குப் போய் வருவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் எங்களிடம் பேசியது இம்பிளான்ட், அதாவது உள்ளே வைக்கிற செயற்கை மூட்டைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வரும், எது உசத்தி. முட்டி இம்பிளான்ட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. சாதாரணமாகப் போடுகிற கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இதெல்லாம் நானே தேடிப் படித்து வைத்திருந்தேன். நாம் கட்டாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற கேஷ்லெஸ் அப்ரூவல், அறை வாடகை உச்சவரம்பு, பாலிசியில் மூட்டு மாற்றுக்கு இருந்த 2 வருஷக் காத்திருப்பு முடிந்ததா என்பது, எல்லாமே பார்த்தாகிவிட்டது. ஆனால் உள்ளே வைத்த அந்த மூட்டை வீட்டில் வந்து மடக்கி நீட்டப் பழக்குகிற ஆள் யார், அவருக்கு யார் பணம் கொடுப்பது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரி மட்டும் இருந்தது: "முட்டிப் பயிற்சிகளைத் தொடரவும்." கூடவே படம் போட்ட ஒரு தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் தெரிந்தது, படம் பார்த்து அம்மாவால் செய்ய முடியாது என்று. முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. காலைத் தொட்டாலே முகம் சுருங்கிவிடும். பக்கத்து வீதியில் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார். போன் செய்தேன். "பிசியோதெரபிங்களா, நாளைக்கே ஆள் வந்துருவாருங்க" என்றார்கள். வந்தார். ஒரு தடவைக்கு 700 ரூபாய். செப்டம்பர் 2-ஆம் தேதியிலிருந்து விநாயகர் சதுர்த்தி அன்று வரை 6 நாள் வந்தார். வந்ததும் ஒரு சின்ன மெஷினை எடுத்து முட்டியில் நாலு பக்கமும் பட்டை ஒட்டி, 20 நிமிஷம் கரண்ட் வைத்துவிட்டு, தொடையை லேசாக நீவிவிட்டுப் போவார். அம்மாவுக்கு அது சுகமாக இருந்தது. "நல்ல பையன், வலியே பண்றதில்ல" என்றார். நானும் நிம்மதியாக ஆபீஸ் போனேன்.

9-ஆம் தேதி தையல் பிரிக்கப் போனோம். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். 55 டிகிரி. அதற்கு மேல் போகவில்லை. "2 வாரத்துல 90 கிட்ட வந்திருக்கணுமே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். நான் மெஷின் வைத்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஒரு நாற்காலியைக் காட்டி விளக்கினார். சமதரையில் நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 80-க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க 90-ஐத் தாண்ட வேண்டும். ஆபரேஷன் ஆன முதல் 6 முதல் 8 வாரம்தான் உள்ளே தழும்பு இளசாக இருக்கும். அதற்குள் மடக்கிப் பழக்காவிட்டால் இறுகிவிடும், அப்புறம் மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டியிருக்கும். மெஷின் வலியைக் கொஞ்சம் குறைக்கும், முட்டியை மடக்காது.

அன்றைக்கு ராத்திரி அந்த 6 நாள் வந்தவருக்கு போன் செய்து என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். 6 மாத சர்டிபிகேட் கோர்ஸ் என்றார். ரசீது கேட்டேன். வெள்ளைத் தாளில் பெயரும் தொகையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கணக்குப் பிரிவில் 19 வருஷமாக வவுச்சர் பார்க்கிறேன். அந்தத் தாளைப் பார்த்ததும் இது எங்கேயும் நிற்காது என்று தெரிந்துவிட்டது. அவர் ஏமாற்ற வந்த ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அம்மாவின் காலை அவர் கையில் கொடுத்தது நான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேட ஆரம்பித்தேன். கூகுள் மேப்பில் துடியலூர், கவுண்டம்பாளையம், வெள்ளக்கிணறு சுற்றி 14 பெயர் காட்டியது. ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கம் வரிசையாக எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேசினேன். முதல் கேள்வியாக எல்லோரிடமும் கேட்டது, "இன்ஷூரன்ஸ் எடுத்துக்குவீங்களா?"

"இல்லீங்க மேடம். கேஷ், இல்லாட்டி ஜிபே." 9 பேர் இப்படித்தான் சொன்னார்கள். நாலு நம்பர் எடுக்கவே இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "எல்லா இன்ஷூரன்ஸும் எடுத்துக்குவோம்ங்க" என்றார்கள். சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ கேஷ்லெஸ்ஸுங்களா?" என்றேன். "இல்லீங்க, நாங்க பில் போட்டுத் தந்துருவோம். நீங்க கிளெய்ம் பண்ணிக்கோணும்."

என் கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு அந்தப் 10 போன் தேவைப்பட்டது. கேஷ்லெஸ் என்பது ஆஸ்பத்திரிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம். படுக்கை, ஆபரேஷன் தியேட்டர் என்று உள்நோயாளியாகச் சேர்க்கிற இடங்கள்தான் அந்தப் பட்டியலில் இருக்கும். வீதியில் 2 கட்டில் போட்டு நடத்துகிற பிசியோ கிளினிக் அதில் வராது. "எடுத்துக்குவோம்" என்று சொன்னவரும் "எடுத்துக்கமாட்டோம்" என்று சொன்னவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பிசியோவைத் தேடும்போதே நெட்வொர்க்கில் இருக்கிறாரா, ஒரு தடவைக்கு நம் பங்கு எத்தனை டாலர் என்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். இங்கே அது வழி இல்லை. நாம் கையிலிருந்து கொடுத்துவிட்டு, சரியான காகிதத்தோடு திரும்ப வாங்க வேண்டும். அதனால் பணம் வருமா என்ற கேள்வியை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்க வேண்டும். பிசியோவிடம் கேட்க வேண்டியது காகிதத்தை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இலவச எண்ணுக்குப் பேசினேன். "பிசியோதெரபி ஓ.பி.டி. சிகிச்சை மேடம், உங்க பாலிசில கவர் ஆகாது." வைத்துவிட்டார்கள். ஓ.பி.டி. என்றால் ஆஸ்பத்திரியில் படுக்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகிற புறநோயாளி. பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்குப் பேசினேன். "கண்டிப்பா கவர் ஆகும்க்கா, நான் பார்த்துக்கறேன்." ஒருவர் இல்லை என்கிறார், ஒருவர் உண்டு என்கிறார். யாருமே பாலிசியைப் பிரித்துப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அந்தச் சின்ன எழுத்துப் புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்தேன்.

இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் செலவும் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் கட்டாயம் விற்க வேண்டும் என்று 2020-இல் கொண்டுவந்தார்களே, ஆரோக்ய சஞ்சீவனி, அதிலும் இதே 30, 60 கணக்குதான். சில பாலிசிகளில் 90, 180 நாள் வரைக்கும் இருக்கிறது. நிபந்தனை பெரிதாக இல்லை. எந்த நோய்க்காகப் படுத்தோமோ அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி கிளெய்மை அவர்கள் ஏற்றிருக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்த சிகிச்சையாக இருக்க வேண்டும். இலவச எண்ணில் பேசியவர் சொன்னது சும்மா கழுத்து வலி, தோள் வலி என்று நடந்து போய்ப் பார்க்கிற பிசியோதெரபிக்குப் பொருந்தும். அதற்குத் தனியாக ஓ.பி.டி. கவர் எடுத்திருந்தால்தான் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு செய்வது வேறு. பாலிசி எண், கிளெய்ம் எண், டிஸ்சார்ஜ் தேதி, அந்தப் பிரிவின் எண் எல்லாம் போட்டு, "இந்த 60 நாளுக்குள் டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டில் செய்யும் பிசியோதெரபி ஏற்கப்படுமா?" என்று ஒரே ஒரு கேள்வியை ஈமெயிலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: ஏற்கப்படும், மருத்துவரின் சீட்டும், தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டின் அசல் ரசீதும் வேண்டும். அந்த ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்து மஞ்சள் ஃபைலில் முதல் தாளாக வைத்தேன். போனில் யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எழுத்தில் வாங்குங்கள். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

டாக்டரிடம் திரும்பப் போய்ச் சீட்டு வாங்கினேன். "வலது முட்டி மூட்டு மாற்றுக்குப் பின், பிசியோதெரபி, தினம் 1 முறை, 8 வாரம்." தேதி, கையெழுத்து, சீல். எழுத அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பார்.

நல்ல பிசியோவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கூகுள் மேப் இல்லை, எங்கள் வீதி முனையில் இருக்கும் மெடிக்கல்காரர். அம்மாவுக்கு மாத்திரை வாங்கும்போது கேட்டேன். "வாதம் வந்து படுத்திருந்தவரு ஒருத்தரு, இப்ப தானா நடந்து வந்து மாத்திரை வாங்கறாருங்க. அவுங்க வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்துட்டிருந்துச்சு" என்றார். அந்த வீட்டில் போய்க் கேட்டு நம்பர் வாங்கினேன். நட்சத்திரம் போட்ட விமரிசனங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கீழே விழுந்து எழுந்து நடந்ததைக் கண்ணால் பார்த்த வீடு சொல்வதற்கு அது ஈடாகாது.

இந்த முறை கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். என்ன படிச்சிருக்கீங்க? பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டப் படிப்பு, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அந்தப் பெண் படித்தபோது அது பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நாலரை வருஷப் படிப்பு. மூட்டு மாத்தினவங்களைப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்கேன்க்கா, இப்பக்கூட ரெண்டு பேர். நீங்களே தினமும் வருவீங்களா, ஆள் மாறுமா? நானேதான் வருவேன், ஞாயிறு மட்டும் லீவு. தேதி வாரியா ரசீது தருவீங்களா, லெட்டர்பேட்ல, படிப்பும் பதிவு எண்ணும் போட்டு? "தர்றேன்க்கா. இந்திய பிசியோதெரபிஸ்ட் சங்கத்து உறுப்பினர் எண் சீல்லயே இருக்கு." பிசியோதெரபி உள்ளிட்ட இந்தத் தொழில்களுக்கெல்லாம் தேசிய ஆணையமும் பதிவேடும் வேண்டும் என்று 2021-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது, படிப்பையும் பதிவையும் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பெண்ணும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் 500, கிளினிக்குக்குப் போனால் 300. வெள்ளக்கிணறு பிரிவுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

செப்டம்பர் 12, வியாழக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு அந்தப் பெண் வந்தது. 27, 28 வயசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு முழுசாகப் படித்தது. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டது. கெண்டைக்காலை இரண்டு பக்கமும் அமுக்கி, "இங்க வலிக்குதுங்களா அம்மா? இந்தக் கால் மட்டும் சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டது. ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தானாம் அது. தழும்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முட்டியில் கை வைத்தது. 6 நாள் வந்தவர் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

பையிலிருந்து ஒரு அளவுகோல் எடுத்தது. பள்ளிக்கூடத்துக் கோணமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருக்கும். நடு ஆணியை முட்டியின் வெளிப்பக்கம் வைத்து, ஒரு கையைத் தொடையோடும் இன்னொரு கையைக் காலோடும் சேர்த்துப் பிடித்தது. மடக்கினால் 58. நீட்டினால் முழுசாக நீளவில்லை, 10 டிகிரி வளைந்தே நின்றது. "எல்லாரும் மடங்குதான்னு மட்டும் பார்ப்பாங்க அக்கா. நீளறதுதான் முதல்ல. நீளாட்டி நொண்டிதான் நடப்பாங்க" என்றது. குதிகாலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை அந்தரத்தில் விட்டு, தொடைச் சதையை இறுக்கி முட்டியைக் கீழே அமுக்கச் சொன்னது. 10 எண்ணும் வரை.

அம்மா 4 எண்ணியதும் கத்திவிட்டார். "போதும் சாமி, விட்ரு கண்ணு."

அந்தப் பெண் விட்டது. ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "அம்மா, உங்ககிட்ட எத்தனை மாடு இருந்துச்சு?" என்று கேட்டது. அம்மாவுக்கு முகம் மாறியது. "எத்தனைன்னு சொல்றது கண்ணு, 40 வருசத்துல." "அப்ப எண்ண வேண்டாம். ஒவ்வொரு மாடா பேர் சொல்லுங்க. பேர் சொல்ற வரைக்கும் அமுக்கிப் புடிங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "செவலை." மூச்சு. "மயிலை." மூச்சு. "கொம்பு ஒடஞ்ச மயிலை." கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. "காரி..." என்றதோடு நின்றுவிட்டார். கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. அன்றைக்குக் காரியைத் தாண்ட முடியவில்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து அது சொன்னபடி, வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைக் கொடுத்துவிடுவேன். முடிந்ததும் ஐஸைத் துண்டில் சுற்றி 15 நிமிஷம் வைப்பேன். பகலில் 3 வேளை நாங்களே செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்தோமா என்று நோட்டில் டிக் போட வேண்டும். நோட்டைப் பார்க்காமல் அது ஆரம்பிக்காது. செப்டம்பர் 25-இல் 85 டிகிரி. அக்டோபர் 2-இல் 92. அன்றைக்குத்தான் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். எழுந்து நின்று, கீழே நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ தூக்கிவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்தது மொத்தம் 18 நாள், 9,000 ரூபாய். அதன் பிறகு வாரம் 3 நாள் நாங்களே கிளினிக்குக்குப் போனோம்; ஆயுத பூஜைக்கு ஒரு நாள் லீவு, ஆக 10 தடவை, 3,000 ரூபாய். கடைசியாக அக்டோபர் 28-இல் அளந்தபோது 112 டிகிரி மடங்கியது, முழுசாக நீண்டது. மறுநாளோடு பாலிசியின் 60 நாளும் முடிந்தது. இரண்டு கணக்கும் ஒரே சமயத்தில் ஓடியதை நான் பிறகு பல தடவை யோசித்தேன். முட்டி இறுகுவதற்குள் மடக்க வேண்டிய காலமும், பணம் திரும்பக் கிடைக்கிற காலமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். முதல் 10 நாளை விட்டால் இரண்டிலும் விட்டுப்போகிறது.

கிளெய்மைச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. நவம்பர் 6-ஆம் தேதி அனுப்பினேன். கிளெய்ம் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், டாக்டர் சீட்டு, அம்மாவின் கையெழுத்தோடு தேதி வாரியாக 28 வருகைக்கான பட்டியல், அசல் ரசீதுகள், மருந்து பில்கள், எக்ஸ்ரே பில், கேன்சல் செய்த காசோலை. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் போனில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். வாக்கர், ஐஸ் பை, முட்டிப் பட்டை இவற்றின் பில்லை வைத்தும் பயனில்லை, அவை தராத பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன.

நவம்பர் 22-இல் கடிதம் வந்தது. பிசியோதெரபி ஓ.பி.டி. சிகிச்சை, ஏற்க இயலாது. அதே வார்த்தை. நான் பதற்றப்படவில்லை. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அவர்களே அனுப்பிய ஈமெயிலின் நகலை இணைத்து, 5 வரியில் பதில் எழுதினேன். ஒத்துவரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுவது, அங்கேயும் ஒரு மாதத்தில் பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளரிடம், போவது என்று தயாராகத்தான் இருந்தேன். அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போகவில்லை. டிசம்பர் 11-ஆம் தேதி அம்மாவின் கணக்கில் பணம் ஏறியது. பிசியோவுக்குக் கொடுத்த 12,000-மும் முழுசாக வந்தது, மருந்தும் எக்ஸ்ரேயும் தனி. முதல் 6 நாளின் 4,200 ரூபாயை நிராகரித்துவிட்டார்கள்: டாக்டர் சீட்டுக்கு முந்தைய தேதி, தகுதி குறிப்பிடவில்லை. அந்த நிராகரிப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானாக இருந்தாலும் அந்தத் தாளைப் பாஸ் செய்திருக்கமாட்டேன்.

தனியார் பாலிசி இல்லாதவர்களுக்கு வழி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அன்னூரில் இருக்கும் என் சித்திக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில்தான் ஜி.எச்.சில் மூட்டு மாற்றினார்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொண்டார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொடுப்பது எல்லோருக்கும் தெரியும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சித்திக்கு வந்தவர் சொல்லிக் கொடுத்ததை மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் செய்ய வைத்தாள். எங்கள் கம்பெனியில் ஷாப் ப்ளோரில் இருப்பவர்களுக்குத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்கள். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு உண்டு. தோள் இறுகிப்போயிருந்த ஒரு மோல்டர் அண்ணன் அங்கே 2 மாதம் போய்ச் சரியாகி வந்தார். ஒரு பைசா கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு இடது முட்டி வருகிற தை மாதம். டாக்டர் தேதி சொன்னதும் நான் முதலில் போன் செய்தது ஆஸ்பத்திரிக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்குத்தான். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் சாயங்காலம் 6 மணி என்று டைரியில் குறித்துக்கொண்டது. டாக்டர் சீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்தே கேட்டு வாங்குவதாக ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொடைச் சதையைப் பலப்படுத்த வேண்டும் என்று போன வாரம் வந்து இடது காலுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

கிளம்பும்போது அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இந்தக் காலுக்கு காரில இருந்து ஆரம்பிக்கறேன் கண்ணு."